முப்பத்தேழாவது டிக்

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் இருந்ததே இல்லை. ஸ்ரீரங்கத்தில் கோவில் வீதிகளையெல்லாம் தாண்டி, கொள்ளிடக் கரைக்குப் போகும் வாழைத்தோப்புப் பாதையில் அப்பா வீடு கட்டியபோது, என்றைக்காவது வாங்குவோம் என்று ஷெட்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார். அதில் இருந்தவை: என்னுடைய பழைய மூன்று சக்கர சைக்கிள், மீந்துபோன தரை ஓடுகள், அம்மாவின் ஓடாத கிரைண்டர், ஒரு அணில் குடும்பம். நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம், தீபாவளி கழிந்து லால்குடியிலிருந்து ஒரு லாரி வந்தது. அதிலிருந்து ஜீப்பை இறக்கினார்கள். அணில்கள் அன்றைக்கே காலி செய்துவிட்டன.

ஜீப் என்று சொன்னது சித்தப்பாதான். பார்க்க அது அப்படி இல்லை. ஒரு நெல் வியாபாரியின் களத்தில் பல வருஷம் மழையில் நின்ற வண்டி. கூரை கிடையாது, பின் சீட் கிடையாது. தரைத் தகட்டில் துருப்பிடித்து விழுந்த ஓட்டை வழியாக ஷெட்டின் சிமென்ட் தெரிந்தது. அம்மா ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"இதுல எது வண்டி, எது துரு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஆறு மாசம் கழிச்சு நீங்களே ஏறி உட்காருவீங்க, அண்ணி!" என்று சித்தப்பா அவள் முதுகைப் பார்த்துக் கத்தினார்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. வளைகுடாவில் பாலைவன வேலைகளுக்கான வண்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டிகள் என்றால் அவருக்கு உயிர். அந்த ஆடி மாதம் திடீரென்று ஊருக்கு வந்துவிட்டார். வேலை செய்யும் இடத்தில் வலிப்பு வந்து விழுந்தார், அதனால் அனுப்பிவிட்டார்கள். இதை நான் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குச் சொன்னது வேறு. சித்தப்பாவின் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது, புதியது வர ஒரு வருஷம் ஆகும், அதுவரை எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, ஒரு வருஷம் ஒரு தடவைகூட வராமல் இருந்தால் அப்புறம் ஓட்டுவதைப் பற்றிப் பேசலாம் என்று டாக்டர் சொன்னதைத்தான் வீட்டில் எனக்காக இப்படி லைசென்ஸ் ஆபீஸ் விஷயமாக மாற்றிவிட்டார்கள். காலையும் இரவும் அவர் விழுங்கிய மாத்திரை சத்து மாத்திரை ஆனது.

சித்தப்பாவால் உட்கார முடியாது. காப்பியை நின்றுகொண்டே குடிப்பார். சாப்பிடும்போது ஒரு கால் கீழே ஆடிக்கொண்டே இருக்கும், தட்டும் சேர்ந்து ஆடும். ஊருக்கு வந்த முதல் மூன்று மாதங்களில் எங்கள் வீட்டில் அவர் கழற்றி மாட்டியவை: இரண்டு மின்விசிறிகள், தண்ணீர் மோட்டார், அப்பாவின் மொபெட், வாசல் கேட். கேட்டைத் திருப்பி மாட்டியதிலிருந்து அது சத்தமே போடவில்லை. யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று தெரியவில்லை என்று அம்மா அதற்கும் குறைப்பட்டுக்கொண்டாள். கழற்ற வேறெதுவும் இல்லாமல் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா அவரை அழைத்துக்கொண்டு லால்குடிக்குப் போனார். தம்பியின் கைகளுக்கு ஒரு வேலை வேண்டும், ஆனால் கால் பெடலில் படக் கூடாது. அப்பா கண்டுபிடித்த வழி, ஓடாத வண்டி.

அப்பாவுக்கு ஒரு பெரிய தொழிற்சாலையில் வெல்டிங்கைப் பரிசோதிக்கும் வேலை. அங்கே ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் தொடங்க வேண்டுமானால் நடுவில் ஒரு கையெழுத்து விழ வேண்டும். அது விழாதவரை கிரேன்கூட நகராது என்பார். அதே முறையை ஷெட்டுக்கும் கொண்டுவந்தார். ஒரு நீளமான கோடு போட்ட நோட்டில் முப்பத்தேழு வேலைகளை வரிசையாக எழுதினார். தரைத் தகடு. பிரேக் டிரம். வண்டியை உயர்த்துவதற்குப் புதிய ஸ்பிரிங் பட்டைகள். பெரிய டயர். உருண்டாலும் தலை தப்ப இரும்புக் குழாயில் ஒரு கூடு. தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜின் காற்று இழுக்கக் கூரை உயரத்துக்கு ஒரு குழாய். இப்படிப் போனது பட்டியல். நோட்டையும் ஒரு சிவப்புப் பேனாவையும் என்னிடம் கொடுத்தார்.

"நீதான் இன்ஸ்பெக்டர். கண்ணால பார்த்து, கையால தொட்டுட்டுத்தான் டிக் போடணும். முப்பத்தேழும் டிக் ஆகாம வண்டி ஷெட்டை விட்டு வெளிய போகாது. சரியா தம்பி?"

"சரிண்ணே," என்றார் சித்தப்பா. என்னைப் பார்த்து சல்யூட் அடித்தார். "உத்தரவு, மேடம்."

எனக்கு ஒன்பது வயது. அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் எனக்கு அவ்வளவு அதிகாரம் கொடுத்ததில்லை. இன்று நான் பார்க்கும் வேலையிலும் பட்டியல்கள் உண்டு, டிக் போடுவது உண்டு. அந்த நோட்டைப் போல எதுவும் என்னை நிமிர்ந்து நடக்க வைத்ததில்லை.

வேலை சித்தப்பாவின் வேகத்தில் தொடங்கி அப்பாவின் வேகத்தில் முடியும். சித்தப்பா பகல் முழுக்க வெல்டிங் வைப்பார். அப்பா மாலையில் வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியுமாகக் குனிவார். சாக்பீஸால் வட்டம் போடுவார்.

"இதை அரைச்சு எடுத்துட்டு மறுபடி வை."

"அண்ணே, இது என்ன அணு உலையா? ஆத்து மணல்ல ஓடப்போற வண்டிண்ணே."

"மணல்ல விழுந்தா உனக்கு வலிக்காதா?"

"நீங்க வேணும்னே லேட் பண்றீங்க."

அப்பா இன்னொரு வட்டம் போடுவார். குழாய்க் கூட்டில் மட்டும் பதினொரு வட்டங்கள். எனக்கு அப்பாவின் மேல்தான் கோபம். அவர் வேண்டுமென்றேதான் தாமதம் செய்தார். ஆடியில் அந்த ஒரு வருஷம் முடிகிறது, அதுவரை வேலையை இழுக்க வேண்டும். சித்தப்பாவுக்கோ ஆடிதான் பிரச்சினை. "ஆடியில மேல தண்ணி திறந்துட்டா கொள்ளிடம் நிறைஞ்சிடும். அப்புறம் மணல் ஏது? வண்டியை மொட்டை மாடியிலயா ஓட்டுறது?" என்று அம்மாவிடம் புலம்புவார். அம்மா, "மாத்திரை போட்டீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்பாள். ஷெட் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. அதில் தேதி கிழிக்கும் உரிமையை அவர் யாருக்கும் தரவில்லை. சில நாள் மதியமே கிழித்துவிடுவார்.

இதற்கு நடுவே எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. தெருவில் பிள்ளைகள் ஆடும் ஸ்டாச்சூதான். நான் "ஸ்டாச்சூ" என்றால் அவர் எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே சிலையாக நிற்க வேண்டும். அசையும்வரை நான் எண்ணுவேன். அவர் பத்தைத் தாண்டுவதே அபூர்வம். மூக்கில் கிரீஸ், வாயில் ஸ்க்ரூ, சிரிப்பு வந்துவிடும்.

ஸ்பிரிங் பட்டைகளை மாட்டிய அன்று அவரே விளையாட்டைத் தொடங்கினார். நான் சொல்லவே இல்லை. கையில் ஸ்பானருடன் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். சொல்லாமல் தொடங்குவது விதிப்படி தவறு, ஆனாலும் எண்ணினேன். இருபத்தொன்றில் அசைந்தார்.

"இருபத்தொண்ணு! சித்தப்பா ஜெயிச்சிட்டீங்க!"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரு, நானா? நல்லது மேடம். அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடு."

"கைலதான வெச்சிருக்கீங்க!"

அவர் கையைப் பார்த்தார், சிரித்தார், வண்டிக்கு அடியில் போய்விட்டார். நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியும் எண்ணிக்கையும் எழுதிவைத்தேன். பட்டியல் என்று வந்துவிட்டால் எதையும் விட முடியாது எனக்கு. அதற்குப் பிறகும் சில தடவைகள் அவரே தொடங்கினார். அவற்றையும் எழுதினேன்.

கத்திரி வெயில் வந்தது. பள்ளி விடுமுறை. முப்பத்தாறு டிக் விழுந்துவிட்டன. ஜீப் என் தலைக்கு மேல் உயர்ந்து, ஒட்டகம் போலப் பச்சை பெயின்டில் நின்றது. மிச்சம் முப்பத்தேழாவது மட்டும். டீசல் இன்ஜின் சாவியைத் திருப்பினால் நிற்காது. டேஷ்போர்டில் ஒரு குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு கேபிள் போய் இன்ஜினுக்கு டீசல் வருவதை நிறுத்தும். குமிழைப் பொருத்தியாகிவிட்டது, வாங்கிய கேபிள் நீளம் பற்றவில்லை. அப்பா வேறு வாங்கி வருவதாகச் சொல்லி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதுவரை சித்தப்பா இன்ஜினை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் பானெட்டைத் திறந்து, உள்ளே ஒரு சின்ன நெம்புகோலைக் கையால் அழுத்தித்தான் நிறுத்தினார்.

அன்று அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட். அம்மா காட்டூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். சித்தப்பா ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். டாக்டர் சொன்னதை மீறத் துணிந்துவிட்டவருக்கு, அண்ணன் எழுதிய பட்டியலை மீற மட்டும் மனசு வரவில்லை.

"மேடம், ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"கேபிள் மாட்டலையே சித்தப்பா."

"குமிழ் இருக்கா?"

"இருக்கு."

"தொட்டுப் பாரு."

தொட்டேன்.

"கண்ணால பார்த்தாச்சு, கையால தொட்டாச்சு. அப்பா இதுக்கு மேல என்ன சொல்லியிருக்காங்க?"

"லைசென்ஸ்?" என்றேன்.

"ஆத்துக்குள்ள போலீஸ் நின்னு பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. உண்மையில் இதை நானே ஏற்கெனவே யோசித்துவைத்திருந்தேன். எங்கள் வாசலிலிருந்து கரைவரை வாழைத்தோப்பு, கரைக்கு அப்பால் மணல். லைசென்ஸ் பார்க்க ஆளே இல்லாத இடத்தில் லைசென்ஸ் எதற்கு? முப்பத்தேழுக்கு எதிரே சிவப்பில் டிக் போட்டேன். சித்தப்பா என்னைத் தூக்கி சீட்டில் வைத்து, நாங்களே தைத்த பெல்ட்டை இறுக்கிக் கட்டினார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

மாட்டு வண்டிகள் இறங்கும் தடத்தில் ஜீப் மூக்கைத் தாழ்த்தி இறங்கியபோது நோட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு கண்ணுக்கு எட்டும் தூரம்வரை மணல், வெள்ளை வெயில், தூரத்தில் பாலம். சித்தப்பா வேகமாகப் போனார், வட்டமடித்தார், மேடு ஏறினார், ஏறிய மேட்டிலிருந்தே மறுபடி இறங்கினார். ஏதோ அரபிப் பாட்டைக் கத்திப் பாடினார். பத்து மாதங்களில் முதல்முறையாக அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நான் கவனித்தேன். கால் ஆடவில்லை.

"இப்ப பாரு மேடம், லோ கியர். காலை எடுத்துட்டாலும் தானா நடக்கும்."

நடந்தது. மனிதர் நடக்கும் வேகத்தில், முனகிக்கொண்டே, எந்தப் பெடலையும் தொடாமல். நான் கைதட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். நேராகப் பார்த்தபடி சிலையாக இருந்தார். ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை சட்டைப் பட்டனில்.

ஓடுகிற வண்டியில் ஸ்டாச்சூ! இந்த மாதிரி துணிச்சல் அவருக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்தேன். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணத் தொடங்கினேன். நாற்பதைத் தாண்டியதும் பழைய எண்ணிக்கையெல்லாம் முறிந்தது. ஐம்பதில், ஆற்றில் மிச்சமிருந்த ஓடைப் பக்கமாக ஜீப் திரும்பியிருப்பதைப் பார்த்தேன்.

"சித்தப்பா, தண்ணி. ஐம்பத்தேழு. சித்தப்பா, போதும், நீங்கதான் ஜெயிச்சீங்க."

அவர் பட்டனைத் தடவிக்கொண்டிருந்தார். வாய் எதையோ மெல்லுவது போல அசைந்தது. எழுபதில் சாவியை எட்டித் திருப்பினேன். இன்ஜின் நிற்கவில்லை. குமிழை இழுத்தேன். அது எதிலும் மாட்டாமல் முழுசாக என் கையோடு வந்துவிட்டது. அந்தக் குமிழுக்குத்தான் அரை மணி நேரம் முன்பு டிக் போட்டிருந்தேன். ஜீப் தண்ணீரில் இறங்கியது, ஒரு பக்கம் சாய்ந்தது, பின் சக்கரங்கள் ஈர மணலைத் தோண்டித் தோண்டி உள்ளே போயின. அழுதுகொண்டே எண்ணினேன். எண்ணுவதை நிறுத்தத் தோன்றவில்லை. தொண்ணூற்று நான்கு.

சித்தப்பா எச்சில் விழுங்கினார். சுற்றிப் பார்த்தார். "என்னாச்சு? எப்படி இங்க வந்தோம்?" என்று கேட்டார். பிறகு முழங்கால் தண்ணீரில் இறங்கி, பானெட்டைத் திறந்து, நெம்புகோலை அழுத்தினார். இன்ஜின் அடங்கியதும் ஆறு மிகவும் பெரியதாக இருந்தது.

கொஞ்ச தூரத்தில் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர், "ஏங்க, ஜீப்புக்கும் சேர்த்துத் தேய்க்கணுமா?" என்று கேட்டார். சித்தப்பாவால் சிரிக்க முடிந்தது. கரையிலிருந்து வாழை மட்டை வெட்டி வந்து சக்கரங்களுக்கு அடியில் போட்டார், ஜாக்கி வைத்தார், கையால் மணலை அள்ளினார். வண்டி இன்னும் கொஞ்சம் புதைந்தது.

அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து காலி ஷெட்டைப் பார்த்திருக்கிறார். பெரிய டயரின் தடத்தைப் பிடித்துக்கொண்டே மொபெட்டில் கரைக்கு வந்து, அங்கிருந்து ஷூவோடு மணலில் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. என் தலை, கை, கால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். பிறகு தம்பியின் கன்னத்தைத் தொட்டார்.

"டிக் நான்தாம்பா போட்டேன்," என்றேன். "கேபிள் இல்லாமயே போட்டுட்டேன்." எனக்குத் தெரிந்து அன்று நடந்த குற்றம் அதுதான்.

அப்பா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"நான்தான் போடச் சொன்னேன், அண்ணே," என்றார் சித்தப்பா. "ஸ்டியரிங் கொஞ்சம் இழுத்துக்கிச்சு, அதான் தண்ணில இறங்கிருச்சு. வேற ஒண்ணுமில்லை. பத்து மாசமா ஒண்ணுமே வரல. ஒரு தடவைகூட வரல. இன்னும் எத்தனை நாள்ண்ணே என்னைக் கட்டிப் போட்டு வைப்பீங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. வலிப்பு என்றால் கீழே விழுந்து கை கால் இழுப்பது மட்டும்தான் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். கண் திறந்தபடி, நின்றபடியே வந்துபோவதும் உண்டு, வந்தது வந்தவருக்கே தெரியாது என்று டாக்டர் விளக்கியது அதற்கடுத்த வாரம்தான். அந்த மணலில் நின்ற அவருக்கு, பத்து மாதமும் சுத்தமாகக் கழிந்திருந்தது.

அவரை அப்பா திட்டப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது. காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு.

"இல்லப்பா, ஸ்டியரிங் இல்ல. சித்தப்பா ஸ்டாச்சூ ஆடினாங்க. ஓடுற வண்டியிலேயே! தொண்ணூத்து நாலு. இதுதான் ரெக்கார்டு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா மெதுவாகக் குந்தி உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னாடி ஆடியிருக்காங்களாம்மா?"

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். தேதியோடு எழுதிவைத்திருப்பதைப் பார்த்தால் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று தெரியும். பள்ளியில் பாடம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். ஸ்பிரிங் பட்டை மாட்டிய அன்று இருபத்தொன்று. பெரிய டயர் வந்த அன்று முப்பத்தெட்டு. பொங்கலுக்கு மறுநாள் பதினாறு. பிரேக் வேலையின்போது இரண்டு தடவை. பெயின்ட் அடித்த அன்று நாற்பது.

"டயர் வந்த அன்னைக்கா?" என்றார் சித்தப்பா. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "நான் என்ன பண்ணினேன் பாப்பா?"

எப்போதும் மேடம் என்பவர் அன்று பாப்பா என்றார்.

"இப்படித்தான், பட்டனைத் தடவிக்கிட்டே இருந்தீங்க. அசைஞ்சா அவுட்டுதான், ஆனா நான் விட்டுட்டேன்."

அப்பா என்னிடமிருந்து நோட்டை வாங்கி, மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். எருமைக்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு கரையேறினார். சித்தப்பா ஜீப்பிடம் நடந்து போனார். சாவியை உருவி, ஈரத்தை வேட்டி நுனியில் துடைத்தார். திரும்பி வந்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். அப்பா பாலத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவ்வளவு தூரம் தவறில்லாமல் எண்ணியதற்கான பரிசு என்று நான் நினைத்தேன். டிக் விஷயத்தைக்கூட மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மொபெட்டில் இருவருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது, வழியில் தெரிந்தவர் யாராவது பார்க்க மாட்டார்களா என்று சாவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.